பெருந்தொற்றுக் கால மன அழுத்தம்: வீட்டுக்குள்ளிருந்து சில கேள்விகள்

கோத்தகிரி வட்டாரத்தில் மனநலச் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோவிட் காலத்தில் யார் அதிகம் தவித்தார்கள், ஏன் என்று நீலகிரி மக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

உதகையிலிருந்து: எங்கள் வீட்டில் ஏழு பேர். சென்னையில் தனியாக இருந்த தம்பிதான் ஊரடங்கில் அதிகம் தவித்தான் என்கிறார் அம்மா. கூட்டுக் குடும்பத்தில் மன அழுத்தம் குறைவு என்பது உண்மையா?

தலைகளை எண்ணி மட்டும் இதற்கு விடை சொல்ல இயலாது. பேச்சுத்துணை இல்லாத தவிப்பு உங்கள் தம்பிக்கு இருந்திருக்கும். ஆனால் ஒதுங்கி அமர இடமில்லாத தவிப்பும் அதற்குக் குறைந்ததன்று. ஒரே சமையலில் உண்பவர்களை ஒரு குடும்பமாகக் கணக்கெடுப்பில் கொள்கிறார்கள். மன அழுத்தத்தை அளக்க வருபவரோ அடுப்பைவிட அறைகளைத்தான் எண்ண வேண்டும். ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தால் அது நெரிசல் என்கிறது ஐ.நா. வாழ்விடத் திட்டம். ஐந்து அறைகளில் வாழும் ஏழு பேரும் இரண்டு அறைகளில் வாழும் ஏழு பேரும் தலைகளை மட்டும் எண்ணும் படிவத்தில் ஒரே எண்ணாகத்தான் பதிவாகிறார்கள்.

கூடலூரிலிருந்து: நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் வளர்ந்தவள். பொதுமுடக்கத்தில் அங்கே பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதிகம் எரிச்சலடைந்தார்கள். என்ன காரணம், ஐயா?

லயனில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதில் வளர்ந்தவர்களுக்கு வாசல்தான் மூன்றாவது அறை. விளையாட்டும் சண்டையும் சமாதானமும் அங்கேதான் நடக்கும். தொற்றுக்கு அஞ்சி வாசலைத் தடுத்தபோது வீடே சுருங்கிவிட்டது. 2020 மழைக்காலத்தில் ஒரு தோட்டத்தில் நான் கண்ட காட்சி இது: வீட்டிலிருந்த ஒரே கைபேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார், மாலையில் அவர் திரும்பியதும், சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் பையன் ஏறுவான், தூறலில் தங்கை குடை பிடிக்க, பாலித்தீன் உறையில் சுற்றிய கைபேசியில் காலையில் முடிந்துபோன பாடத்தைக் கேட்பான். நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு, 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதங்களுக்கு மேல் மேடேறிய பிள்ளையை எரிச்சல்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொற்று வந்தவருக்குத் தனி அறையும் தனிக் கழிவறையும் வேண்டும் என்ற அறிவுரையும் இத்தகைய வீடுகளில் அச்சத்தையே கூட்டியது.

குன்னூரிலிருந்து: பெண்கள் இயல்பிலேயே அதிகம் கவலைப்படுவார்கள், அதனால்தான் ஆய்வுகளில் அவர்களுடைய எண்ணிக்கை உயர்கிறது என்கிறார் என் கணவர். சரியா?

எண்ணிக்கை சரி, அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடின என்றும், பெண்களும் இளையோரும் அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார அமைப்பு 2022 மார்ச்சில் தெரிவித்தது. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதை நம் மலையிலேயே பார்க்கலாம். 2020 ஏப்ரல் பிற்பாதியில், பாதித் தொழிலாளர்களுடன் தேயிலைத் தோட்டங்கள் இயங்க அனுமதி கிடைத்தது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகலெல்லாம் பறித்து எடைபோட்டுத் திரும்பியவர், நாள் முழுவதும் ஆள் நிறைந்திருந்த வீட்டுக்குச் சமைத்து, மாமியாரின் மாத்திரையையும் மகளின் பாடத்தையும் கவனித்தார். ஒரு வாரம் அந்த வேலைகளைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். இயல்பைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

கோத்தகிரி அருகே ஓர் ஹட்டியிலிருந்து (படகர் ஊர்): எனக்கு வயது 74. நோயால் ஆபத்து எனக்குத்தான் அதிகம். ஆனால் தூக்கம் கெட்டது பேரனுக்கு. இது ஏன்?

தங்கள் அனுபவம் பல நாட்டு ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. பிரிட்டனில் அதே குடும்பங்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வில், 18 முதல் 34 வயதினருக்கும், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் வாழ்ந்தோருக்கும் மனவேதனை மிகுதியாகக் கூடியிருந்தது. உயிருக்கான ஆபத்து ஒன்று, வாழ்க்கை நின்றுபோனதன் பாரம் வேறொன்று. தங்களுக்குச் சொந்த வீடும் பழகிய ஊரும் இருந்தன. பேரனுக்குத் தேர்வும் வேலையும் தள்ளிப்போயின. ஆயினும் இது சராசரி மட்டுமே. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி, ஊரே திரண்டு வழியனுப்பும் ஹட்டிகளில் முதியோரை எவ்வளவு வாட்டியது என்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

உதகையிலிருந்து மற்றொருவர்: மலைக்காற்றும் பசுமையும் நம்மைக் காத்திருக்கும் அல்லவா?

ஓரளவு காத்திருக்கலாம். வாடகை கொடுக்கக் காற்று உதவாது.

உதகை வாகன ஓட்டுநரின் மனைவி: சொந்த வீடு இருந்தும், ரேஷன் அரிசி கிடைத்தும், என் கணவர் இரவெல்லாம் விழித்திருந்தார்.

ஏப்ரல், மே சீசன் வருமானத்தில்தான் உங்களைப் போன்ற குடும்பங்களின் ஆண்டே ஓடுகிறது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் மலர்க்கண்காட்சி நடைபெறவில்லை. இ-பாஸ் இன்றி மலையேற முடியாத மாதங்களும் இருந்தன. கடன் தவணையைச் செலுத்த 2020 ஆகஸ்ட் வரை அவகாசம் தந்தார்களே தவிர, வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வருமானத்தின் அளவைவிட அது அறுந்துபோகும் வேகம்தான் தூக்கத்தை முதலில் கெடுக்கிறது. இன்றும் அவருக்குத் தூக்கமில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

குன்னூர் கல்லூரி மாணவி: இதே பொருளில் ஆய்வு செய்ய இருக்கிறேன். எதைக் கேட்க வேண்டும்?

உணரப்பட்ட மன அழுத்தத்தை அளக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. அதில் நான்கு கேள்விகள் நேர்மறையானவை என்பதால் அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்றி (0 என்றால் 4, 4 என்றால் 0) அதன் பிறகே கூட்ட வேண்டும். மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் அது. வயது, பால், கல்வி ஆகியவற்றோடு அறைகள் எத்தனை, கைபேசிகள் எத்தனை, சமைப்பவர் யார், கடன் உண்டா என்றும் கேளுங்கள். இணையப் படிவத்தை மட்டும் அனுப்பினால், தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்ற அந்தப் பையனின் வீடு உங்கள் ஆய்வுக்குள் வரவே வராது. காகிதப் படிவத்துடன் லயனுக்குச் செல்லுங்கள். கொழுந்து எடைபோட்டு முடிந்த பிறகு, மாலையில் செல்லுங்கள்.