எம்சிபி இருந்தும் ஷாக் அடித்தது ஏன்?

கேள்வி: மாவரைக்கும்போது ஈரக் கையோடு கிரைண்டரின் ஸ்டீல் பாகத்தைத் தொட்டதும் ஷாக் அடித்து, கை அப்படியே ஒட்டிக்கொண்டது. கணவர் ஓடிவந்து மெயினை அணைத்த பிறகே விடுபட்டது. வீட்டில் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. அது ஏன் விழவில்லை? கை இன்னும் வலிக்கிறது. மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: இன்றே காட்டுங்கள். கை ஒட்டிக்கொண்டது என்றால், உடலில் பாய்ந்த மின்னோட்டம் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரையாவது எட்டியிருக்கும்; அந்த அளவில் விரல்களை மடக்கும் தசைகள் இறுகிவிடுவதால், விட வேண்டும் என்று நினைத்தாலும் கையை விட முடியாது. அது 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி, கையிலிருந்து மார்பு வழியாகக் காலுக்குச் சில நொடிகள் பாய்ந்தாலே மூச்சு தடைப்படவும் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகவும் கூடும். தோலில் சிறு தழும்பு மட்டுமே தெரிந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம் என்பதால், ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்; நெஞ்சுவலி, படபடப்பு, சிறுநீர் அடர்நிறமாகப் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எம்சிபி விழாததில் வியப்பில்லை. 16 ஆம்பியர் எம்சிபி வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காக்க வைக்கப்படுவது. 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். ஈரமான உடலின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர்தான். ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும், எம்சிபிக்கோ அது ஒரு பொருட்டே அல்ல. எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுசெல்லும் இணைப்பு) சரியாக இருந்திருந்தால், உள்ளே கசிந்த மின்சாரம் அதன் வழியே பெருமளவில் பாய்ந்து எம்சிபியை விழச் செய்திருக்கக்கூடும். ஆகவே கிரைண்டரின் மூன்றாவது பின், பிளக் பாயின்ட், எர்த் குழி ஆகிய மூன்றையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து முடிக்கும்வரை அந்தக் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

மனிதரைக் காப்பதற்கென்றே உள்ளது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எனும் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச். ஃபேஸில் (மின்சாரம் வரும் வயர்) போன மின்னோட்டம் நியூட்ரலில் (அது திரும்பும் வயர்) முழுதாகத் திரும்பாவிட்டால், அது நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒரே நேரத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் தொட்டவரை அதனால் காப்பாற்ற இயலாது. எர்த்துக்கு அது மாற்றும் அல்ல. இருந்தும் குளியலறை, சமையலறை, மோட்டார் உள்ள எந்த வீட்டிலும் இது இல்லாமல் இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் கணவர் உங்களைப் பிடித்து இழுக்காமல் மெயினை அணைத்தது மிகச் சரி. இழுத்திருந்தால் அவரும் சிக்கியிருப்பார்.