கொழுந்தனுக்குச் சங்கடமாம்!

கேள்வி: ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் முடித்திருக்கிறேன். விளாத்திகுளம் பக்கம் ஒரு சோலார் பிளான்ட்டில், காண்ட்ராக்டர் மூலம் பேனல் துடைக்கிற வேலை. என் கொழுந்தன் அங்கேயே டெக்னீஷியனுக்கு ஹெல்பர். அவருக்குச் சங்கடமாக இருக்குமென்று நான் படித்ததை யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம், பேனல் ஒயர்களை இணைக்கிற ஒரு கனெக்டர் கருகியிருந்தது. அதைக்கூட அவரிடம்தான் சொன்னேன், அவர் இன்ஜினியரிடம் சொன்னார். சூரியமித்ரா என்கிற சோலார் டெக்னீஷியன் பயிற்சிக்கு மூன்று மாதம் தங்கிப் படிக்க வேண்டுமாம். நான்கு வயது மகளை மாமியாரிடம் விட்டுப் போகலாமா?

பதில்: பயிற்சி கிடக்கட்டும். அந்தக் கருகிய கனெக்டருக்கு வாருங்கள்.

கண்டுபிடித்தது நீங்கள், பெயர் வாங்கியது கொழுந்தன். குடும்பத்துக்குள்தானே என்று அதை விட்டுவிடலாம். உங்களோடு குழாயும் துணியுமாக நிற்கிற மற்ற பெண்களை என்ன செய்வது? வரிசையாகக் கோத்த பேனல்களில் டி.சி. மின்னழுத்தம் 1000 வோல்ட் வரை ஏறும், புது பிளான்ட்டுகளில் 1500. மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் அடிக்கிறவரை பேனலில் கரண்ட் இருக்கும். விரிசல் விட்ட கண்ணாடியிலும் உறை உருகிய கனெக்டரிலும் தண்ணீரைப் பீய்ச்சினால் என்ன ஆகுமென்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்கு? கொழுந்தன் முகம் வாடக் கூடாதென்று, விஷயம் தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் துடைத்துக்கொண்டிருக்கிறார். கோபம்தான் வருகிறது எனக்கு.

குடும்பம்தான் பெரிது என்கிற கட்சி நான். அதனால்தான் திட்டுகிறேன். அண்ணி என்றால் வீட்டுக்கு மூத்தவள். மல்டிமீட்டர் பிடிக்க அந்தத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்நேரம் அவரும் ஒரு படி ஏறியிருப்பார்.

துடைக்கிற வேலையை நம்பியும் இருக்காதீர்கள். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையத்தில் பேனல் துடைக்க ரோபோக்களை இறக்கிவிட்டார்கள். உங்கள் ஊருக்கும் வரும். அப்போது ஸ்ட்ரிங் வோல்டேஜ், அதாவது கோத்த பேனல் வரிசையின் மின்னழுத்தம் பார்க்கிறவருக்கும், ஒயர் நுனியில் கனெக்டரை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் பண்ணுகிறவருக்கும்தான் அங்கே வேலை.

சூரியமித்ரா நல்ல பயிற்சிதான். மத்திய அரசு 2015-ல் தொடங்கியது, 600 மணி நேரம், கட்டணம் கிடையாது. எலெக்ட்ரீஷியன் முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சர்டிபிகேட்டையும் பீரோவுக்குள்தானே வைக்கப் போகிறீர்கள்?

மகளைத் தாராளமாக மாமியாரிடம் விடலாம். நீங்கள் கூலிக்குப் போகிறபோது பார்த்துக்கொள்கிறவர், படிக்கப் போகிறபோது மாட்டேன் என்பாரா? அதுசரி, இத்தனை பேரைப் பற்றி எழுதியவர் கணவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. அவள் அவருக்கும் மகள்தானே? ராத்திரி அவர் தூங்க வைக்கட்டும்.

திங்கட்கிழமை ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து நேராக இன்ஜினியர் கையில் கொடுங்கள். ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், காண்ட்ராக்டர் கேட்டாலும்தான். முந்தின ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது கொழுந்தனிடம் நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இன்ஜினியர் வாயால் கேட்டால்தான் அவருக்கு நிஜமாகவே சங்கடம்.