அடர்த்தி என்றால் என்ன? ஆணி மூழ்கும்போது கப்பல் மட்டும் எப்படி மிதக்கிறது?

ஒரு பொருள் தான் அடைத்துக்கொள்ளும் இடத்துக்குள் எவ்வளவு நிறையை வைத்திருக்கிறது என்பதே அடர்த்தி. காசிமேட்டில் வலை பழுதுபார்ப்பவர்களைக் கவனியுங்கள். வலையின் மேல் கயிற்றில் மிதவைகள், கீழ்க் கயிற்றில் ஈயக் குண்டுகள். ஒரு கன சென்டிமீட்டர் நீர் 1 கிராம், கடல்நீர் சற்றே கூடுதல். அதே அளவு ஈயமோ 11.3 கிராம். ஈய அணு ஒவ்வொன்றும் கனமானது, நெருக்கியடித்தும் நிற்கிறது. காலை நேரத் தண்டையார்பேட்டை பஸ்ஸையும் மதியம் காலியாக வரும் பஸ்ஸையும் போல: வண்டியின் அளவு ஒன்றுதான், உள்ளிருக்கும் கூட்டம் வேறு. நீரைவிட அடர்த்தி கூடினால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும். கனமானதெல்லாம் மூழ்கும் என்று பலர் நினைப்பது சரியல்ல. ஆணி முழுக்க இரும்பு, நீரைவிட அடர்த்தி கூடியது; அதனால் மூழ்குகிறது. ஆனால் துறைமுகத்துக்கு வரும் பல்லாயிரம் டன் இரும்புக் கப்பலை, அதன் வயிற்றிலுள்ள காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு.