கிடாரின் வயிற்றுக்குள்

அன்புள்ள ஐயா,

மகளுக்கு ஒரு கிடார் வாங்கினேன். பெட்டியின் மேல் ‘டிரெட்நாட்’ என்று அச்சிட்டிருந்தது. தேடிப் பார்த்தால் அது ஒரு போர்க்கப்பலின் பெயர். இசைக்கருவிக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? இதே உருவத்தில் மார்ட்டின் கம்பெனியின் கிடார் பல மடங்கு விலை. கேட்டால், “அது ரோஸ்வுட், நாதமே அந்த மரத்தில்தான் இருக்கிறது” என்றார் கடைக்காரர். உண்மையா? நீங்கள் கிடார் வாசிப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வாசிப்பவன் என்பது மிகை. முப்பது வருடமாக அதே நான்கு பாட்டுகளைத் தட்டித் தடவிக்கொண்டிருக்கிறேன்.

பெயர்க் கதை சின்னது. 1906இல் பிரிட்டன் கடலில் இறக்கிய டிரெட்நாட் என்ற கப்பலுக்கு முன்னால் அதுவரை இருந்த போர்க்கப்பல்கள் எல்லாம் பழசாகிவிட்டன. 1916இல் பாஸ்டன் நகரத்து ஆலிவர் டிட்சன் கம்பெனிக்காக, இடுப்பு அகன்று உடல் பெருத்த ஒரு கிடாரை மார்ட்டின் பட்டறை செய்துகொடுத்தது. அதற்கு அந்தக் கப்பலின் பெயர் ஒட்டிக்கொண்டது. தன் சொந்தப் பெயரில் மார்ட்டின் அதை விற்கத் தொடங்கியது 1931இல்தான். இன்று உலகம் முழுக்க அந்த உருவத்தை நகலெடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான்.

ஆனால் அந்தப் பட்டறையின் பெரிய காரியம் வெளியே தெரியாது. நிறுவனர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் சாக்சனியைச் சேர்ந்த ஜெர்மானியர், 1796இல் பிறந்தவர். வியன்னாவில் ஸ்டாஃபர் என்ற கிடார்க் கலைஞரிடம் தொழில் கற்றார். சொந்த ஊரிலோ, கிடார் செய்யும் உரிமை தங்களுக்கே என்று வயலின் செய்பவர்களின் சங்கம் தச்சர் சங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மார்ட்டின் தச்சர் பக்கம். சண்டை அலுத்ததோ என்னவோ, 1833இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். சில வருடங்களில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்கு இடம் மாறினார். கம்பெனி இன்றும் அங்கேதான், அதே குடும்பப் பெயரில்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். தந்திகளைத் தளர்த்திவிட்டு, துளைக்குள் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டி, டார்ச் அடித்து மேற்பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். துளைக்கும், தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் ‘குதிரை’ என்ற துண்டுக்கும் நடுவில் இரண்டு கட்டைகள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டுக் கிடக்கும். 1840களில் மார்ட்டின் கிடார்களில் வந்த அமைப்பு இது. அன்று பூட்டியது குடலில் முறுக்கிய தந்தி. அதன் இழுப்பு குறைவு. இருபதாம் நூற்றாண்டில் எஃகுத் தந்தி வந்தபோதும் இதே குறுக்குக்கட்டைதான் தாங்கியது. பலகையின் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பதோ ஏறக்குறைய 70 கிலோ. வளர்ந்த ஓர் ஆள் தொங்கும் பாரம்!

தாங்கினால் மட்டும் போதாது, பலகை அதிரவும் வேண்டும். அதனால் கட்டைகளை நடுநடுவே குழிவாகச் சீவி எடையைக் குறைத்தார்கள். பிறகு வாசிப்பவர்கள் கனத்த தந்திகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள், பலகைகள் உப்பின. 1944இல் கம்பெனி சீவுவதை நிறுத்திவிட்டது. பயந்து எடுத்த முடிவு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் குறைசொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கடைக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு என் முதல் கிடாரில் தடித்த தந்தி போட்டேன். இரண்டு கோடையில் குதிரைக்குப் பின்னால் பலகை அப்பளம்போல் எழும்பிவிட்டது. சீவிய கட்டைகள் உள்ள பழைய கிடார்களைத் தேடி அலைந்தவர்களின் காது பொய் சொல்லவில்லை. 1976இல் எச்டி-28 என்ற மாடலில் மார்ட்டினே மறுபடி உளியை எடுத்தது.

இனி மரம். 1969 வரை மார்ட்டினின் உயர்ந்த மாடல்களுக்கு முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட். அது கிடைப்பது அரிதானதும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். நம் மலைக்காடுகளில் ஈட்டி என்று சொல்கிறோமே, அதே மரம். பழையதற்காக உருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் 2018இல் வெளியான ஓர் ஆய்வைப் படிக்கலாம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முதுகு மரம் மட்டும் வேறாக ஆறு கிடார்கள் செய்வித்து, மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த ரோஸ்வுட்டும் மலிவான மரமும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெற்றன. முதுகு மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாதத்தின் பெரும்பங்கு மேற்பலகையிலும் அதன் அடியில் ஒட்டிய கட்டைகளிலும். உங்கள் கடைக்காரர் காட்டியது முதுகை.

மகளின் கிடாரை மாற்ற வேண்டாம். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் அதன் மேல் போகும் தடித்த தந்திக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தந்திகளைத் தாழ்த்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விரல் நுனி எரிந்து ஒரு மாதத்தில் மூலையில் சாத்திவிடுவாள். தந்தி மெல்லியதாகவே இருக்கட்டும்.

அன்புடன்.