கண்ணுக்குத் தெரியாத வலிப்பும் உண்டு

கேள்வி: வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். மகன் பிறந்ததும் அழவில்லை. அன்று இரவே ஃபிட்ஸ் வந்தது. 12 நாள் ஐசியூவில் வைத்திருந்தார்கள். இப்போது 40 நாள் ஆகிறது. அடிபட்ட மூளையை வலிப்பு இன்னும் கெடுத்திருக்குமா? வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கெடுக்க வாய்ப்பு உண்டு, தம்பி. பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்து வாடிய மூளைச் செல்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். வலிப்பு வந்தால் அவை ஓயாமல் வேலை செய்தாக வேண்டும். சர்க்கரையும் ஆக்சிஜனும் மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் குழந்தைக்கு மூச்சும் தடைபடலாம். அப்போது பிழைத்திருக்கக்கூடிய செல்லும் சாகலாம். சில விலங்கு ஆய்வுகளில் இது தெரிந்திருக்கிறது. குழந்தைகளிலும் வலிப்பு நேரம் கூடக்கூட பிற்காலக் குறைபாடும் கூடுகிறது. ஆனால் பலமாக அடிபட்ட மூளையில்தான் வலிப்பும் அதிகம் வரும். எது எவ்வளவு கெடுத்தது என்று உங்கள் மகனை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்களோ உங்கள் மனைவியோ பழியை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பச்சிளங்குழந்தையின் வலிப்பு பலநேரம் வெளியே தெரியாது. ஃபீனோபார்பிட்டல் என்ற வலிப்பு மருந்தை ஊசியாகப் போட்டதும் கைகால் வெட்டு நின்றுவிடலாம், மூளைக்குள் வலிப்பின் மின்னோட்டம் மட்டும் தொடரலாம். பெரியவர் மூளையில் பிரேக் போல வேலை செய்யும் காபா என்ற வேதிப்பொருள், பிறந்த குழந்தையின் மூளையில் சிலநேரம் ஆக்சிலேட்டராக மாறிவிடுவது இதற்கு ஒரு காரணம். அதனால்தான் மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈஈஜி வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஈஈஜி, மூளையைப் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். கைகால் நடுங்கினால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் வெறும் நடுக்கம். பிடித்த பிறகும் உங்கள் கைக்குள் வெட்டி வெட்டி இழுத்தாலும், கண் ஒரு பக்கமாக நிலைகுத்தினாலும், சைக்கிள் மிதிப்பது போலக் கால் ஓடினாலும், மூச்சு நின்று உதடு நீலமானாலும் வலிப்பாக இருக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்கக்கூடாது. வீட்டில் ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மலைப்பாதை, நேரம் பிடிக்கும். 'நிற்கிறதா பார்ப்போம்' என்று காத்திருக்காதீர்கள். வசம்பு உரசி ஊட்டுவது, கையில் சாவி கொடுப்பது எதுவும் வேண்டாம், பாட்டி எவ்வளவு சொன்னாலும்.

மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு அடங்கிய பல குழந்தைகளுக்கு மருந்தே இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது இதில்தான். 3 மாதத்துக்கு மேல், தூங்கி எழும்போது குழந்தை தலையைச் சடக்கென்று குனிந்து கைகளை விரித்து, அதையே வரிசையாகத் திரும்பத் திரும்பச் செய்தால் வயிற்றுவலி என்று நினைக்காதீர்கள். அது வேறு வகை வலிப்பாக இருக்கலாம். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.