கடலில் நீந்தும்போது மூச்சு இறுகினால்

கேள்வி: எனக்கு வயது 47. மும்பை செம்பூரில் இருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். ஏழைச் சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் செலவுக்கு நிதி திரட்ட, டிசம்பரில் சங்க் ராக்கிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா வரை 5 கி.மீ. கடலில் நீந்துவதாக அறிவித்துவிட்டேன். பலர் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் சிரமமின்றி நீந்துகிறேன். ஆனால் கடலில் பயிற்சி எடுத்தபோது அரை மணி நேரத்தில் மூச்சு இறுகியது. கரையேறிய பிறகும் இருமல் நிற்கவில்லை. சளியில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. உப்புநீர் குடித்திருப்பீர்கள் என்கிறார் பயிற்சியாளர். தொடரலாமா?

பதில்: இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கடலிலும் இறங்காதீர்கள், குளத்திலும் இறங்காதீர்கள். இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம், சளியில் நீங்கள் பார்த்த அந்த இளஞ்சிவப்பு.

உப்புநீர் புரையேறினால் அந்த நொடியே தெரியும். தொண்டை எரியும், இருமி இருமிக் கண் கலங்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. நீந்திக்கொண்டிருக்கும்போதே மூச்சு இறுகி, கரைக்கு வந்தும் இருமல் தொடர்ந்து, ஓரிரு நாளில் தானாக அடங்கினால், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் உடம்பை நாலாபுறமும் நீர் அழுத்துகிறது. கால்களில் தங்கியிருக்க வேண்டிய ரத்தம் மார்பை நோக்கி ஏறுகிறது. கடும் உழைப்பும் சேரும்போது நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அழுத்தம் மிகுந்து, நீரும் சிறிது ரத்தமும் காற்றறைகளுக்குள் கசிகின்றன. குளிர்ந்த நீரில் ஆபத்து அதிகம். ஆனால் மும்பைக் கடல் அவ்வளவு குளிராதே என்று தைரியம் கொள்ள வேண்டாம், வெதுவெதுப்பான நீரிலும் இது வருவதுண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். இறுக்கமான நீச்சலுடையும், இறங்குமுன் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம்.

குளத்தில் வராதது கடலில் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். குளத்தில் சற்றைக்கொருமுறை சுவர் வந்துவிடுகிறது. திரும்பும்போது நம்மை அறியாமலே மூச்சு வாங்கிக்கொள்கிறோம். கடலில் பிடித்து நிற்க எதுவும் இல்லை. அலையும் நீரோட்டமும் மனப் பதற்றமும் சேர்ந்து உடம்பை விடாமல் விரட்டுகின்றன.

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை மூன்றும் தேவைப்படும். ஒரு வாரம் காலையும் மாலையும் ரத்த அழுத்தத்தை அளந்து, தாளில் குறித்து எடுத்துப்போங்கள். 'நெஞ்சு வலியே இல்லையே' என்று இருந்துவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி இல்லாமலேயே இதயக் குழாயில் அடைப்பு இருக்கக்கூடும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடங்கிய டிரையத்லான் போட்டிகளில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவை நீந்தும்போதுதான் நேர்கின்றன. அவற்றில் நடுத்தர வயது ஆண்களே அதிகம்.

கிளிமிபிரைடு பற்றியும் பேச வேண்டும். நீண்ட நேரம் நீந்தினால் இந்த மாத்திரையால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கரையில் என்றால் வியர்வையும் நடுக்கமும் காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் வியர்வை தெரியாது. நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துவிடுவீர்கள். நீந்தும் நாளில் மாத்திரை அளவை மாற்றுவதா, எப்போது சாப்பிடுவது என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இதய மருத்துவர் அனுமதித்தால் கரையோரத்தில், துணை நீச்சல்காரரும் படகும் உடன் வர, சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டுங்கள். படகில் குளுக்கோஸ் இருக்கட்டும். மூச்சு இறுகினாலோ இருமல் வந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்திக் கையை உயர்த்துங்கள். படகில் ஏறியதும் படுக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள். ஆக்சிஜன் இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது 'அறிவித்துவிட்டேன்' என்ற சொல். டயாலிசிஸ் நாற்காலியில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் உட்காருபவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். நீங்கள் திரட்டும் ஒவ்வொரு ரூபாயும் அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொடுத்த வாக்குக்காக மூச்சுத் திணறலை மறைத்துக்கொண்டு நீந்தும்படி அவர்களில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பணம் தருபவர்களுக்கு இன்றே எழுதுங்கள்: உடல்நிலை காரணமாகப் பரிசோதனைக்குப் போகிறேன், நீந்தினாலும், பாதியில் படகேறினாலும், நீந்தவே முடியாமல் மரைன் டிரைவில் நடந்தாலும், உங்கள் நன்கொடை நோயாளிகளுக்குச் சேர வேண்டும். எக்கோ முடிவு வருவதற்கு முன்பே இதை அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் மருத்துவர் 'வேண்டாம்' என்றால், அதைக் கேட்டுக்கொள்ள உங்களுக்கு மனம் வரும்.