தோட்டப்பாளையத்து வீடு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வேலூர் தோட்டப்பாளையத்தில் பிறந்து வளர்ந்து, வேலையின் பொருட்டுக் கோவையில் குடியேறியவன் நான். அப்பாவின் மறைவுக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சென்ற மாதம் ஊருக்கு வந்திருந்தேன். தெருவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பெயர்ப்பலகைகள் வங்காள மொழியில் இருக்கின்றன. கடைக்காரர் என்னிடம் இந்தியில் பேசினார். எங்கள் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாத நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பூட்டைத் திறக்கப் போனதும் எழுந்துகொண்டார்கள். சொந்த ஊரிலேயே வெளியூர்க்காரனாக நின்றேன்.

வீட்டை எட்டு அறைகளாகத் தடுத்து, பக்கத்திலுள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகளுக்கு விட்டால் நல்ல வருமானம் வரும் என்று ஒரு தரகர் விடாமல் பேசுகிறார். அப்படிச் செய்யவும் மனம் வரவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. ஊரிலேயே இருப்பவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். நம் ஊர் நம் கையை விட்டுப் போய்விட்டதா?

இப்படிக்கு,
உங்கள் வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைக் கண்டதும் அந்த நான்கு பேர் எழுந்துகொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஏன் உங்கள் திண்ணைக்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பகுதியில் வாடகைக்குக் கிடைக்கும் அறைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு கட்டிலைப் போட்டுவிட்டால் நடப்பதற்கு மட்டுமே இடம் மிஞ்சும். கட்டிலில் நோயாளி படுத்திருப்பார். துணைக்கு வந்தவர்கள் பகல் முழுவதும் எங்கேயாவது உட்கார்ந்தாக வேண்டும். பாபுராவ் தெருவிலும் காந்தி ரோட்டிலும் இருந்த திண்ணைகளை நம்மவர்கள் இடித்துக் கடைகளாக்கி வெகுநாள் ஆயிற்று. மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டில் உங்களுடையதும் ஒன்று.

அவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள் அல்லர். ஹவுராவிலிருந்தும் கவுகாத்தியிலிருந்தும் பெங்களூரு செல்லும் ரயில்களில் ஒரு நாளுக்கு மேலாக, சிலர் இரண்டு நாளுக்கும் மேலாகப் பயணம் செய்து காட்பாடியில் இறங்குகிறார்கள். வங்கதேசத்திலிருந்து எல்லை கடந்து வருகிறவர்களும் உண்டு. 1900ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, 1961இல் நாட்டின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சையையும் 1971இல் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சையையும் செய்யும் அளவுக்கு வளர்ந்தபோது, 'வேலூருக்குப் போனால் பிழைக்கலாம்' என்ற நம்பிக்கை நாம் பார்த்திராத சிற்றூர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களுக்கு ஒரு பரிசோதனை, அதன் முடிவு, அடுத்த மருத்துவரைப் பார்க்க ஒரு தேதி, மறுபடியும் ஒரு பரிசோதனை என்று நாள்கள் நீண்டு மாதக்கணக்காகிவிடுகின்றன.

ஓட்டலில் மாதக்கணக்கில் சாப்பிட யாரால் முடியும்? அதனால்தான் அங்கே அறையோடு அடுப்பையும் வாடகைக்குத் தருகிறார்கள். சிறிய சிலிண்டர், இரண்டு பாத்திரங்கள், ஒரு கரண்டி என்று தனித்தனியாகக் கணக்கெழுதிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. காலையில் அந்தத் தெருக்களில் நடந்தால் கடுகெண்ணெய் காயும் வாசனை வரும். சுற்றுக் கிராமங்களிலிருந்து கூடையோடு வந்து தெருவோரத்தில் அமரும் நம் காய்கறிக்காரம்மா ஒருவரைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை ஒரு பக்கமும், நாம் வாங்கவே வாங்காத பர்வல் காயை இன்னொரு பக்கமும் குவித்து வைத்திருப்பார். வருகிற பெண்களை வங்காளத்தில் அக்கா என்று பொருள்படும் 'தீதி' என்று கூப்பிட்டு, 'பீஷ் டாக்கா' என்று இருபது ரூபாய்க்கு விலை சொல்வார். பேரம் முடிந்ததும், நம் வீட்டுப் பெண்களுக்குச் செய்வதைப் போலவே, ஒரு கொத்து கொத்தமல்லியைக் கொசுறாகப் பையில் போட்டு அனுப்புவார். ஒருநாள் வழக்கமாக வரும் ஒரு பெண் தனியாக வந்து, ஒருவருக்கு மட்டும் போதுமான காயைக் கேட்டார். அம்மா எதுவும் கேட்காமல் காயைக் கட்டிக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். ஊர் நம் கையை விட்டுப் போய்விட்டதா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாவின் கையில் அது பத்திரமாக இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

வங்காளத்தோடு நமக்குள்ள தொடர்பு இந்த லாட்ஜுகளால் வந்ததும் அன்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் திப்புவின் குடும்பத்தாரை ஆங்கிலேயர் நம் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, அது ஒடுக்கப்பட்ட பிறகு, அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே தர்மதலாவில் 1842இல் எழுந்த திப்பு சுல்தான் மசூதியைக் கட்டியவர், அப்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட இளைய மகன் குலாம் முகமதுதான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் சிறைப்பட்டு வந்து, 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதியான முத்து மண்டபம் இருக்கிறது. விரும்பி வராதவர்களை வைத்துக்கொண்டு வாழ்வது இந்த ஊருக்குப் பழகிய காரியம். உருதும் தெலுங்கும் கேட்டுக்கொண்டேதான் நீங்களும் நானும் வளர்ந்தோம். அவை நம்மை வெளியூர்க்காரர்களாக்கவில்லை.

ஆனாலும் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கப்போவதில்லை. வாடகை ஏறியதில் நம் ஊர் நடுத்தரக் குடும்பங்கள் சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டன. தெருவில் சாக்கடை நிரம்பி வழிகிறது. கோடையில் ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை நடக்கிறது. ஆனால் இவற்றை நோயாளிகளின் தலையில் கட்டுவது அநியாயம். ஒரு குடும்பம் வாழ்ந்த மெத்தை வீட்டை ஜன்னல் இல்லாத பெட்டிகளாக அடுக்கி, மொட்டை மாடியிலும் தகரம் வேய்ந்து அறை என்று பெயரிட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரை அந்தத் தகரத்தின் கீழ் படுக்க வைத்துப் பணம் வாங்குகிறோம். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும்போதே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, மொழி தெரியாத குழப்பத்தில் இருப்பவரிடம் தரகும் ஆட்டோக் கூலியுமாகக் கறப்பவர்களும் நம்மவர்கள்தாம். எனக்கு இதில் கோபம் உண்டு. மருத்துவச் செலவுக்கென்று எண்ணி எடுத்து வந்த பணத்தில் நாம் கை வைக்கிறோம்.

இனி உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். விற்காதீர்கள், வாங்குகிறவர் அதை இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்புவார். பூட்டியும் வைக்காதீர்கள், ஆள் புழங்காத வீடு தானாகவே பாழாகிவிடும். நோயாளிகளுக்கு விடுங்கள், ஆனால் எட்டு அறை வேண்டாம், நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் இருக்கட்டும். முற்றம் இருந்தால் அதை மூடாமல், ஒரு ஓரத்தில் பொதுச் சமையல் மேடை கட்டி, துணி காயப்போட ஒரு கொடியும் கட்டிக் கொடுங்கள். கீழ்த்தள அறைகளில் ஒன்றை, படியேற முடியாதவர்களுக்கென்று எப்போதும் ஒதுக்கி வையுங்கள். கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அவசியம். வாடகையைத் தமிழிலும் வங்காளத்திலும் எழுதி வாசலில் மாட்டிவிட்டால் தரகருக்கு வேலை இருக்காது. பார்த்துக்கொள்வதற்கு அதே தெருவில் வசிக்கும் ஒருவரை அமர்த்துங்கள். வங்கதேசத்தவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வாடகை விடுதியாக மாறினால் மின் கட்டணமும் சொத்து வரியும் கூடும், மாநகராட்சியின் அனுமதியும் வேண்டும். இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் தரகர் சொல்லும் வருமானத்தை நம்பிவிடாதீர்கள்.

திண்ணையை மட்டும் இடிக்க வேண்டாம். கொத்தனாரிடம் பேசுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால், அறைகளை எங்கே தடுப்பது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று உடன் இருந்து பார்க்கிறேன்.